இங்கிலாந்து நாட்டுப்புறத்தின் பழைய வரைபடங்களும் மறுபதிப்புகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே கிராமத்துக்குப் பல காலத்து வரைபடங்களின் மறுபதிப்புகள் விற்கிறார்கள். எதை வாங்குவது?

படத்தில் எதைத் தேடப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சுவரில் அழகாக மாட்ட வேண்டும், கவுண்டியின் (நம் மாவட்டம் போன்ற பிரிவின்) பெயரும் சின்னங்களும் தெரிந்தால் போதும் என்றால் ஜான் ஸ்பீடின் 1611ஆம் ஆண்டுக் கவுண்டிப் படங்கள் பொருந்தும். பழைய நெடுஞ்சாலை எந்தெந்த ஊர் வழியாகப் போனது என்று பார்க்க ஜான் ஓகில்பியின் 1675ஆம் ஆண்டுச் சாலைப் படங்கள். வயலின் பெயரும் உழுதவர் பெயரும் வேண்டுமானால் 1836க்குப் பிந்தைய தசமபாகப் படம் (திருச்சபைக்குத் தர வேண்டிய பங்கைக் கணக்கிட அளந்தது). வீடு, கிணறு, வேலியோர மரம் வரை வேண்டுமானால், பிரிட்டனின் அரசு நில அளவை அமைப்பான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 25 அங்குலப் படம் (மைலுக்கு ஏறக்குறைய 25 அங்குலம்).

எதை வாங்கினாலும் விற்பவரிடம் மூன்று விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள். மூலத்தின் எந்த ஆண்டு அச்சிலிருந்து எடுத்த நகல் இது? மூல அளவிலேயே அச்சிட்டதா, சுருக்கியதா, பெரிதாக்கியதா? மூலத்தில் இருந்த வண்ணமா, பிறகு சேர்த்ததா? இவற்றுக்குப் பதில் இல்லாத மறுபதிப்பு சுவரை அலங்கரிக்கும். ஊர் வரலாற்றுக்கு ஆதாரமாக அதை வைக்க முடியாது.

சாக்ஸ்டன், ஸ்பீடு படங்களில் சாலைகளே இல்லையே, நகலெடுத்ததில் விட்டுப்போனதா?

இல்லை, மூலத்திலேயே கிடையாது. கிறிஸ்டோபர் சாக்ஸ்டன் 1570களில் கவுண்டிகளை அளந்து, 1579இல் இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதற்குமான படத்தொகுதியை வெளியிட்டார். ஆறு, பாலம், குன்று, வேலியிட்ட மான்பூங்கா, ஊர் ஆகியவை உண்டு. சாலை இல்லை. ஸ்பீடு பெரும்பாலும் சாக்ஸ்டன், ஜான் நார்டன் ஆகியோரின் படங்களை எடுத்தாண்டார். நகரப் படங்கள், குடும்பச் சின்னங்கள், ‘ஹண்ட்ரட்’ எனப்படும் உட்பிரிவுகளின் எல்லைகள் ஆகியவற்றைச் சேர்த்தார். அச்சுக்கான செப்புத்தகடுகளை ஆம்ஸ்டர்டாமில் யோடோக்கஸ் ஹோண்டியஸ் செதுக்கினார். மூலை நகரப் படங்கள்தான் ஸ்பீடின் பெரிய கொடை. பல நகரங்களுக்கு நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய அச்சிட்ட படம் அதுவே.

இந்தப் படங்களில் கிராமம் என்பது ஒரு சிறு வட்டம், அதன்மேல் ஒரு கோபுரம். வயல் எல்லை எதுவும் இருக்காது. குன்றுகளும் இடத்தைக் காட்டுமே தவிர உயரத்தைக் காட்டாது.

படத்திலுள்ள அளவுகோலில் 10 மைல் வரும் தூரம், இன்று அளந்தால் 12க்கு மேல் வருகிறது. ஏன்?

அந்த மைல் வேறு. 1,760 கஜம் கொண்ட சட்ட மைல் 1593இல் ஒரு சட்டத்தின் வழியே வரையறுக்கப்பட்டது. ஆனால் ஊர்வழக்கில் அதைவிட நீளமான மைல்களே நெடுங்காலம் புழங்கின, அவையும் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறின. ராபர்ட் மார்டனின் 1695ஆம் ஆண்டுப் படங்களில் ஒரே படத்தில் மூன்று மைல் அளவுகோல்கள் இருப்பது இதனால்தான். சட்ட மைலைச் சாலைப் படங்களில் நிலைநாட்டியவர் ஓகில்பி.

இன்னொரு காரணம் தாள். செப்புத்தகடு அச்சுக்குத் தாளை நனைத்து அழுத்துவார்கள்; காய்ந்ததும் அது சுருங்கும், நீளவாக்கிலும் அகலவாக்கிலும் ஒரே அளவில் சுருங்காது. அதனால் ஒரே தகட்டின் இரண்டு அச்சுகள் சில மில்லிமீட்டர் வேறுபடுவது இயல்பு. மூன்றாவது காரணம் மறுபதிப்பாளர் தாளுக்கேற்பப் படத்தைச் சுருக்கியிருப்பது. அதைக் கண்டுபிடிக்க, நூலகப் பட்டியலில் மூலத்தின் அளவைப் பாருங்கள். ஸ்பீடின் படம் ஏறக்குறைய 38 × 51 செ.மீ.

ஓகில்பியின் பட்டைப் படத்தை எப்படிப் படிப்பது?

ஒரு சாலையைத் துண்டு துண்டாக்கி, அடுத்தடுத்த நெடும்பட்டைகளில் வரைந்த படம் இது. இடப்பக்கக் கீழ் மூலையில் தொடங்கி மேலே போகவும். பட்டையின் உச்சியை அடைந்ததும் அடுத்த பட்டையின் அடிக்கு வரவும். மொத்தம் 100 தகடுகள். அளவு மைலுக்கு ஓர் அங்குலம். சாலை நேராகத் தெரிவதற்காகத் திசையைத் திருப்பித் திருப்பி வரைந்திருப்பதால், ஒவ்வொரு பட்டையிலும் வடக்கு வெவ்வேறு பக்கம் இருக்கும். பட்டைக்குள் உள்ள திசைகாட்டியைப் பார்க்காமல் ‘வலப்பக்கம் கிழக்கு’ என்று நினைத்தால் ஊரே மாறிவிடும். குன்று நிமிர்ந்திருந்தால் ஏற்றம், தலைகீழாக இருந்தால் இறக்கம். சாலையோரக் கோடு தொடர்ந்தால் இருபுறமும் வேலி, புள்ளிகளாக இருந்தால் திறந்த வெளி.

ஒரு பட்டையை மட்டும் வெட்டி அச்சிட்ட அழகுப் பிரதிகள் விற்பனையில் உண்டு. திசைகாட்டியோ தலைப்போ வெட்டுப்பட்டிருந்தால் வாங்க வேண்டாம். அது எந்தச் சாலை என்று பிறகு கண்டுபிடிப்பதே பெரும்பாடு.

18ஆம் நூற்றாண்டுப் படங்கள் எவ்வளவு நம்பகமானவை?

1759இல் கலைச் சங்கம், மைலுக்கு ஓர் அங்குல அளவில் ஒரு கவுண்டியைப் புதிதாக அளந்து படம் தருபவருக்கு 100 பவுண்டு வரை பரிசு என்று அறிவித்தது. முதலில் பெற்றவர் டெவன் கவுண்டிக்கு 1765இல் படம் தந்த பெஞ்சமின் டான். அதன்பிறகு வந்த பெரிய கவுண்டிப் படங்களைச் சாலைகளுக்கும் ஆலைகளுக்கும் நம்பலாம். மாளிகைகளைச் சற்று யோசித்தே எடுத்துக்கொள்ள வேண்டும். முன்பணம் தந்த நிலவுடைமையாளரின் வீடு பெயரோடு பெரிதாக வரும், தராதவர் வீடு வராமலே போகலாம்.

ஜான் கேரியின் 1787ஆம் ஆண்டுக் கவுண்டிப் படங்கள் சிறியவை, தெளிவானவை. மறுபதிப்பிலும் எழுத்து கலங்காது. இவருடைய அண்ணன் தம்பிகளில் ஒருவரான வில்லியம் கேரி அளவைக் கருவிகள் செய்தவர். 1802இல் சென்னை பரங்கிமலை அருகே ஆதாரக் கோடு அளந்து இந்தியாவின் முக்கோண அளவைப் பணியைத் தொடங்கிய வில்லியம் லாம்டனின் பெரிய தியோடலைட் (கோணம் அளக்கும் கருவி), லண்டனில் வில்லியம் கேரி செய்ததுதான்.

ஆர்ட்னன்ஸ் சர்வே ‘முதல் பதிப்பு’ மறுபதிப்பின் ஓரத்தில் 1805 என்று இருக்கிறது, ஆனால் படத்தில் ரயில் பாதை ஓடுகிறது. போலியா?

போலி இல்லை, பிந்திய அச்சு. ஓர் அங்குலப் படங்களின் பழைய வரிசை, 1801இல் வந்த கென்ட் படத்தை முன்னோடியாகக் கொண்டு, 1805இல் எஸ்ஸெக்ஸுடன் தொடங்கி 1870கள் வரை 110 தாள்களாக வந்தது. ஒவ்வொரு தாளும் செப்புத்தகட்டில் செதுக்கியது. விற்பனை தொடர்ந்ததால் அதே தகட்டில் புதிய விவரங்களைச் சேர்த்துச் சேர்த்து அச்சிட்டார்கள். ரயில் பாதைகளைச் செதுக்கினார்கள். ஆனால் ஓரத்திலிருந்த முதல் வெளியீட்டுத் தேதியை அப்படியே விட்டார்கள். பின்னாளில் தகட்டின் மின்முலாம் பிரதி எடுத்து அதிலிருந்து அச்சிட்டபோதும் இதுவே நடந்தது.

ஆகவே ஓரத்துத் தேதியை நம்பாமல் ரயில் பாதைகளைக் கொண்டு காலம் கணியுங்கள். கோல்செஸ்டருக்கு ரயில் வந்தது 1843இல். ஓரத்தில் 1805 என்றிருக்கும் எஸ்ஸெக்ஸ் தாளில் அந்தப் பாதை ஓடினால், அந்த அச்சு 1843க்கு முந்தியதாக இருப்பது அரிது. ஆனால் இதை ஒரு பக்கமாக மட்டுமே பயன்படுத்த முடியும். ரயிலைச் சேர்த்தவர்கள் வயல், வீடு, காடு ஆகியவற்றைத் திருத்தவில்லை. எனவே 1850களின் ரயிலும் 1800களின் தெருவும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ‘ரயில் வந்தபின்னும் இந்த ஊர் வளரவில்லை’ என்று அந்தத் தாளைக் காட்டி எழுதுவது தவறு. வளர்ந்திருக்கலாம், தகட்டில் ஏறவில்லை, அவ்வளவே.

மறுபதிப்புகளிலும் இந்த வேறுபாடு உண்டு. டேவிட் அண்ட் சார்ல்ஸ் 1969 முதல் 97 தாள்களாக வெளியிட்ட தொகுதி, ரயில் ஏறிய பிந்திய அச்சுகளிலிருந்து எடுத்தது. ஹாரி மார்கரி 1975 முதல் 8 தொகுதிகளாகக் கொண்டுவந்தது முந்திய அச்சுகளிலிருந்து. ரயில் பாதைகளுக்கு முந்திய நிலத்தோற்றம் வேண்டுவோர் இரண்டாவதைத் தேட வேண்டும். இரண்டுமே இன்று பழைய புத்தகக் கடைகளில்தான் கிடைக்கும்.

இன்றைய 1:50,000 படத்தோடு பொருந்தும் பழைய படம் என்று விற்கிறார்களே?

காசினி நிறுவனத்தின் மறுபதிப்புகளைச் சொல்கிறீர்கள். மூலம் 1:63,360, அதாவது மைலுக்கு ஓர் அங்குலம். அதை ஏறக்குறைய 1.27 மடங்கு பெரிதாக்கி, இன்றைய தாள் எல்லைக்குள் வருமாறு வளைத்துச் சேர்த்திருக்கிறார்கள். இரண்டையும் அருகில் வைத்து ஒப்பிட மிக வசதி, நடைப்பயணத்துக்கும் எடுத்துப் போகலாம். ஆனால் ஒரே தாளில் பல பழைய தாள்கள் சேர்ந்திருக்கும், அவற்றின் வெளியீட்டு ஆண்டுகளுக்கிடையே பல ஆண்டு இடைவெளி இருக்கலாம். எந்தப் பகுதி எந்த ஆண்டு என்று தாளின் உறையிலோ ஓரத்திலோ உள்ள குறிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆலன் காட்ஃப்ரே மறுபதிப்புகளில் நடப்பது இதற்கு நேர்மாறு. 25 அங்குலப் படங்களை மைலுக்கு ஏறக்குறைய 15 அங்குலமாகச் சுருக்கியவை. வாசிக்கத் தெளிவு, விலையும் குறைவு. ஆனால் 25 அங்குலப் படத்துக்கான 1:2500 அளவுகோலை அதன்மேல் வைத்து அளக்கக் கூடாது.

வயல்களின் பெயர் எந்தப் படத்தில் கிடைக்கும்?

ஆர்ட்னன்ஸ் சர்வே படங்களில் பொதுவாகக் கிடைக்காது. 25 அங்குலப் படத்தில் ஒவ்வொரு வயலுக்கும் ஓர் எண்ணும் மூன்று தசம இடம்வரை ஏக்கர் அளவும் இருக்கும், அவ்வளவுதான். பெயருக்குத் தசமபாகப் படத்துக்குப் போக வேண்டும்.

விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் திருச்சபைக்குத் தானியமாகவே தரும் வழக்கத்தை 1836ஆம் ஆண்டுச் சட்டம் பணமாக மாற்றியது. யார் எவ்வளவு தர வேண்டும் என்று கணக்கிட வயல் வயலாக அளந்தார்கள். படத்தில் எண் மட்டும் இருக்கும். அந்த எண்ணுக்கு உரிமையாளர், பயிரிடுபவர், வயல் பெயர், உழவா மேய்ச்சலா, பரப்பு, கட்ட வேண்டிய தொகை ஆகியவை தனிப் பதிவேட்டில் இருக்கும். நம்மூர்ப் புலப்படத்தையும் அடங்கலையும் சேர்த்துப் பார்ப்பதுபோல இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். படத்தின் மறுபதிப்பை மட்டும் வாங்கினால் எண்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். பதிவேட்டு நகலும் உண்டா என்று முதலில் கேளுங்கள்.

ஒவ்வொரு படத்துக்கும் மூன்று பிரதிகள் செய்தார்கள்: ஆணையத்துக்கு, மறைமாவட்டத்துக்கு, பாரிஷுக்கு (ஊர்த் திருச்சபை வட்டத்துக்கு). ஆணையப் பிரதிகள் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், படங்கள் ஐஆர் 30 என்ற வரிசையிலும் பதிவேடுகள் ஐஆர் 29 என்ற வரிசையிலும் உள்ளன. மற்றவை பெரும்பாலும் கவுண்டி ஆவணக் காப்பகங்களில். மூன்றும் அச்சுக்கு அச்சு ஒன்றல்ல, கையால் படியெடுத்தவை. ஒன்றில் மங்கிய எண் இன்னொன்றில் தெளிவாக இருக்கும்.

வண்ணத்தில் கவனம் வேண்டும். குடியிருக்கும் வீடுகள் பெரும்பாலும் சிவப்பு, தொழுவம், களஞ்சியம் போன்றவை சாம்பல். பழைய நுண்படச்சுருளிலிருந்து எடுத்த கறுப்பு வெள்ளை நகலில் இந்த வேறுபாடு அழிந்துவிடும், வீட்டையும் மாட்டுத் தொழுவத்தையும் பிரிக்க முடியாது. வண்ண ஸ்கேன் கிடைக்கும்போது கறுப்பு வெள்ளைக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

அளவும் ஒன்றல்ல. சங்கிலி 66 அடி. சிறந்த படங்கள் அங்குலத்துக்கு 3 சங்கிலி, அதாவது 1:2376. பல படங்கள் 6 சங்கிலி, 1:4752. எல்லா ஊருக்கும் தசமபாகப் படம் கிடையாது. நார்தாம்ப்டன்ஷயர் போன்ற இடங்களில் பொதுநிலத்தை வேலியடைத்துப் பங்கிட்டபோதே தசமபாகத்தையும் தீர்த்துவிட்டார்கள். அங்கே பொதுநிலப் பங்கீட்டுப் படத்தைத் தேடுங்கள்.

இணையத்தில் கிடைக்கும் ஸ்கேனை நானே அச்சிடலாமா? எவ்வளவு தெளிவு வேண்டும்?

அச்சிடலாம். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் இங்கிலாந்துக்கான 6 அங்குல, 25 அங்குலப் படங்களும் ஏராளமாக உள்ளன.

கணக்கு எளிது. ஸ்பீடின் படம் அங்குலத்தில் ஏறக்குறைய 20 × 15. அங்குலத்துக்கு 300 பிக்சல் என்றால் 6,000 × 4,500. பூ வேலைக்கும் எழுத்துக்கும் இது போதும். ஆர்ட்னன்ஸ் சர்வே பழைய வரிசைக்குப் போதாது. சரிவைக் காட்டும் நுண்கோடுகள் 0.1 மி.மீ. அளவில் நெருக்கமாக இருக்கும். 300இல் ஒரு பிக்சலே 0.085 மி.மீ. கோடு ஒரு பிக்சலுக்குள் விழுந்து உடைந்து, மலைப்பகுதி முழுவதும் சாம்பல் பூசியதுபோல ஆகும். 600இல் ஸ்கேன் செய்ததே வேண்டும். குறைந்த பிக்சல் படத்தை மென்பொருளால் பெரிதாக்கினால் கோடுகள் வழவழப்பாகும், இல்லாத வளைவுகள் தோன்றும், சிறிய எழுத்துகள் வேறு எழுத்துகளாக மாறும். வரைபடத்தில் இது பொய்த் தகவல்.

டிஃப் கோப்பு கிடைத்தால் அதையே எடுங்கள். அதிகம் சுருக்கிய ஜேபெக்கில் எழுத்தைச் சுற்றி அழுக்கு படிந்ததுபோல இருக்கும். தாளின் பழுப்பை நீக்கி வெளுப்பாக்க வேண்டுமென்று தானியங்கித் திருத்தத்தை அழுத்தினால், வெளிர் வண்ண எல்லைக்கோடுகளும் பென்சில் குறிப்புகளும் சேர்ந்து போய்விடும். பின்னணியைச் சிறிது மட்டும் வெளிறச் செய்து, கறுப்பைத் தொடாமல் விடுவது நல்லது.

அச்சிடும்போது ‘தாளுக்குப் பொருத்து’ என்ற தெரிவை அணைத்து 100 சதவீதத்தில் அச்சிடுங்கள். முதலில் படத்தின் அளவுகோல் இருக்கும் மூலையை மட்டும் ஏ4 தாளில் எடுத்து அளந்து பாருங்கள். ஓர் அங்குலப் படத்தில் ஒரு மைல் 25.4 மி.மீ., 6 அங்குலப் படத்தில் 152.4 மி.மீ. இருக்க வேண்டும். 25 அங்குலத் தாள் முழு அளவில் ஏறக்குறைய 965 × 644 மி.மீ., ஏ1 தாளில் அடங்காது. 36 அங்குலச் சுருள் அச்சுப்பொறி உள்ள கடைக்குக் கொண்டுபோங்கள். அதை ஏ3க்குச் சுருக்கினால் வயல் எண்கள் படிக்க வராது.

தாள் பளபளப்பில்லாததாக, அமிலமற்றதாக, 200 முதல் 300 ஜிஎஸ்எம் வரை இருக்கட்டும். நிறமி மை பயன்படுத்தும் அச்சுப்பொறியா என்று கேளுங்கள். சாய மை வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுக்கும். கேன்வாஸ் வேண்டாம். துணியின் நெசவு நுண்கோடுகளைத் தின்றுவிடும்.

எங்கள் ஊர் இரண்டு கவுண்டிகளின் எல்லையில் இருக்கிறது. தாள்களை ஒட்டினால் சேரவில்லை.

சேராது. 19ஆம் நூற்றாண்டின் 6 அங்குல, 25 அங்குலப் படங்களில் கவுண்டிகள் தனித்தனி அல்லது கூட்டுக்கூட்டான மைய நெடுங்கோடுகளை (தீர்க்கரேகைகளை) வைத்து வரையப்பட்டன. அதனால் ஒரு கவுண்டியின் தாள் விளிம்பு அடுத்த கவுண்டியின் விளிம்புக்குச் சற்றுச் சாய்ந்திருக்கும், தாள் எல்லைகளும் ஒத்துப்போகாது. போதாததற்கு, முதல் பதிப்பில் கவுண்டி எல்லைக்கு அப்பால் வெற்றிடமாக விட்ட தாள்கள் பல. கத்தரிக்கோலால் தீராது. இரண்டையும் கணினியில் இடக்குறிப்பு செய்து, பொதுவான கட்டத்துக்குக் கொண்டுவந்து, கவுண்டி எல்லை வழியே வெட்டிச் சேர்க்க வேண்டும்.

கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருள் போதும். பிரிட்டிஷ் தேசியக் கட்டத்தை, அதாவது மென்பொருளில் ஈபிஎஸ்ஜி 27700 என்ற குறியெண்ணில் இருப்பதைத் தேர்ந்து, பழைய படத்திலும் இன்றைய படத்திலும் மாறாமல் இருக்கும் புள்ளிகளைக் குறியுங்கள். தேவாலயக் கோபுரம், கல்பாலத்தின் மையம், பழைய முச்சந்தி ஆகியவை நல்ல புள்ளிகள். ஆற்றங்கரையும் வேலி மூலையும் கூடாது, நகர்ந்திருக்கும். நான்கு மூலையிலும் நடுவிலுமாக 8 முதல் 12 புள்ளிகள் எடுங்கள். ஆர்ட்னன்ஸ் சர்வே தாளுக்கு முதல்படிப் பல்லுறுப்பு மாற்றம் (முழுப் படத்தையும் ஒரே சீராக நகர்த்திச் சாய்ப்பது) போதும். தசமபாகப் படத்துக்கு மெல்தகட்டு வளைவு முறை (இடத்துக்கு இடம் வேறாக வளைப்பது) தேவைப்படும். ஆனால் அந்த முறை தவறான புள்ளியையும் பொருத்திக் காட்டிவிடும், பிழை எண் பூஜ்யமாகவே தெரியும். ஆகவே சில புள்ளிகளைச் சேர்க்காமல் ஒதுக்கிவைத்து, பிறகு அவை சரியாக விழுகின்றனவா என்று சோதியுங்கள். சாக்ஸ்டன், ஸ்பீடு படங்களை இப்படிப் பொருத்த முயல வேண்டாம். ஊர்களின் இடமே மைல் கணக்கில் பிசகியிருக்கும்.

என்னிடமிருப்பது மூலமா மறுபதிப்பா?

10 மடங்கு உருப்பெருக்கியில் பாருங்கள். வண்ணப் பகுதியில் நீலம், சிவப்பு, மஞ்சள் புள்ளிகள் வட்டம் வட்டமாகத் தெரிந்தால் நவீன ஆஃப்செட் அச்சு. வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை. புள்ளிகள் இல்லையென்றால் சாய்வெளிச்சத்தில் பாருங்கள். செப்புத்தகடு அச்சில் மை தாளின்மேல் சற்று மேடாக நிற்கும், படத்தைச் சுற்றித் தகடு பதிந்த பள்ளம் இருக்கும். பள்ளத்தை மட்டும் நம்ப வேண்டாம். மறுபதிப்பிலும் அழுத்திப் பதிப்பார்கள்.

வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு முந்திய, கையால் செய்த தாளில் கம்பிச் சட்டகத்தின் கோடுகள் தெரியும். புறஊதா விளக்கில் தாள் பளிச்சென நீலமாக ஒளிர்ந்தால் அது 20ஆம் நூற்றாண்டின் நடுவிலோ அதற்குப் பின்னரோ செய்த தாள். மூலத்தில் பூசிய செம்புப் பச்சை, காலப்போக்கில் தாளைப் பழுப்பாக்கிப் பின்பக்கமும் ஊடுருவும். மறுபதிப்பில் பின்பக்கம் சுத்தமாக இருக்கும்.

ஸ்பீடின் படங்களில் பின்பக்கம் பெரும்பாலும் ஆங்கில விவரணை உண்டு. பின்பக்கம் வெறுமையாக இருந்தால் உடனே போலி என்று முடிவு கட்ட வேண்டாம், 18ஆம் நூற்றாண்டு அச்சுகள் சில அப்படித்தான். பதிப்பாளர் பெயரைப் பாருங்கள்: சட்பரி, ஹம்பிள் என்றால் முந்தியது, பாசெட், சிஸ்வெல் என்றால் 1676. வண்ணமும் ஏமாற்றும். பல படங்கள் வண்ணமில்லாமல் விற்கப்பட்டு, 20ஆம் நூற்றாண்டில் வண்ணம் பெற்றவை.

பதிப்புரிமை?

ஆர்ட்னன்ஸ் சர்வே படங்களுக்கு அரசுப் பதிப்புரிமை, வெளியான ஆண்டின் முடிவிலிருந்து 50 ஆண்டுகள். அதைக் கடந்த படத்தை நகலெடுக்கலாம். மறுபதிப்பாளர் சேர்த்த கட்டுரை, புதிய வண்ணம், வடிவமைப்பு ஆகியவற்றுக்குத் தனி உரிமை உண்டு. தட்டையான பழைய படத்தின் நேர்நகலுக்குப் புதிய பதிப்புரிமை பிறப்பது அரிது என்பதே பிரிட்டன் அறிவுசார் சொத்துரிமை அலுவலகத்தின் 2015ஆம் ஆண்டு நிலைப்பாடு. ஆனால் ஒரு தளத்திலிருந்து கோப்பை இறக்கும்போது நீங்கள் ஏற்கும் விதிமுறைகள் வேறு. விற்கப்போகிறீர்கள் என்றால் அவற்றை வரி வரியாகப் படியுங்கள்.

படத்துக்குக் கண்ணாடிச் சட்டகம் போடும்போது என்ன கவனிக்க வேண்டும்?

படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே அமிலமற்ற மவுண்ட் அட்டை இருக்க வேண்டும். கண்ணாடியில் தாள் ஒட்டினால் ஈரம் கோத்துக் கறை பிடிக்கும். மேல் விளிம்பில் மட்டும் ஜப்பானியத் தாள் கீல்களால் கோதுமை மாவுப் பசை வைத்துத் தொங்கவிடுங்கள். நான்கு பக்கமும் ஒட்டினால் மழைக்காலத்தில் அலையலையாக வளையும். செலோடேப் ஆகவே ஆகாது. மூலமாக இருந்தால் படத்தை வெட்டவோ அட்டையில் ஒட்டவோ சம்மதிக்காதீர்கள். அறையைச் சூடாக்கும் ரேடியேட்டருக்கு மேலும் குளிர்ந்த வெளிச்சுவரிலும் மாட்ட வேண்டாம்.

பழைய படத்தில் ஒற்றையடிப் பாதை இருக்கிறது. அதைக் காட்டி நடக்கும் உரிமை கேட்கலாமா?

ஆர்ட்னன்ஸ் சர்வே படம் மட்டும் போதாது. ஒரு பாதை படத்தில் இருப்பது வழியுரிமைக்குச் சான்றல்ல என்று 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து அந்தப் படங்களிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். இன்றைய நிலையை உள்ளூர் நெடுஞ்சாலை ஆணையம் வைத்திருக்கும் உறுதிப் படத்தில் (பொது வழிகளின் சட்டப் பதிவில்) பாருங்கள். அதில் விடுபட்ட பாதையைச் சேர்க்க விண்ணப்பிக்கும்போது, பொதுநிலப் பங்கீட்டு ஆணையும் அதன் படமும் கனமான சான்று. பாதையை யார் பராமரிக்க வேண்டும், எத்தனை அடி அகலம் என்றுகூட அதில் எழுதியிருக்கும். விண்ணப்பத்தோடு வைக்க அழகுப் பதிப்பு உதவாது. ஆவணக் காப்பகத்தின் குறிப்பெண்ணோடு சான்றளித்த நகலை வாங்குங்கள்.